மேல்மலைக் குடிகள்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்கே, நாற்புறமும் தென்னாப்பிரிக்காவே சூழ்ந்திருக்கும் லெசோத்தோ என்னும் சிறிய மலைநாட்டின் சரித்திரத்தைப் படித்தவர்கள், சமவெளியில் யுத்தமும் பஞ்சமும் தலைவிரித்தாடிய 1824-ஆம் ஆண்டில் மொஷ்வேஷ்வே என்ற தலைவன் தன் ஜனங்களைத் தாபா போசியு என்னும் குன்றின்மேல் ஏற்றிக் காத்த விருத்தாந்தத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். நம்முடைய பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில், கொடைக்கானலுக்கு மேற்கே ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த பூம்பாறைக்கும் ஏறக்குறைய அப்படிப்பட்ட பூர்வ கதைதான் உண்டு.

கொங்குச் சமவெளியில் பஞ்சத்துக்கும் கலகத்துக்கும் ஆற்றாமல் சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறிய வேளாண் குடிகளே இவ்வூர்க் குன்னுவ மன்னாடியார் என்பது வழிவழி வந்த செய்தி. கொடைக்கானலின் சரித்திரத்தை 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி நில அளவைக்கு வந்ததிலிருந்தும், 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டியதிலிருந்தும் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்னரே இங்கே ஊரும் உழவும் கோயிலும் இருந்தன என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அருணகிரிநாதரைக் காக்க முருகன் குழந்தை வடிவில் தோன்றினான் என்று ஊரார் பக்தியோடு கூறும் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் சன்னிதியை மறந்துவிட்டு மேல்மலையின் வரலாற்றை எழுத இயலாது. அதேபோல, குன்னுவருக்கும் முற்பட்ட மலைக்குடிகளான புலையரின் உழைப்பையும், அவர்கள் நெடுங்காலம் பண்ணை அடிமைகளாக இருந்த துயரத்தையும் மறைப்பது நியாயமாகாது.

சரிவைக் கற்கட்டுகளால் தாங்கிப் படிப்படியாக அமைத்த வயல்களே இவ்வூரின் பெருஞ்செல்வம். உருளைக்கிழங்கும் காரட்டும் இங்கே விளைந்தாலும், ஊருக்குப் பெயர் தேடித் தந்தது பூண்டு. வைகாசியை ஒட்டி ஒரு போகமும் ஐப்பசி, கார்த்திகையில் மற்றொரு போகமுமாகப் பல் பல்லாக ஊன்றுவார்கள். நான்கு மாதத்துக்குச் சற்று மேலான பிறகு தாளோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாக முடிந்து, விதைக்கென எடுத்துவைத்ததை அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிடுவார்கள். புகையேறி மேல்தோல் பழுப்பான பூண்டு பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடம் கொடுக்காது. அடுத்த போகம்வரை அப்படியே கெடாமல் நிற்கும்.

மலையில் ஏறி ஒளிந்தவர்களாலும் சமவெளியை விட்டு முற்றிலும் விலகிவிட முடிவதில்லை. லெசோத்தோ மக்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குத் தம் ஆண்மக்களின் உழைப்பை விற்றார்கள். இன்று மலை நீரையும் விற்கிறார்கள். பூம்பாறையாரோ, மோட்டார்ப் பாதை வராத நாளில் பொதியாகவும் தலைச்சுமையாகவும் இறக்கிய விளைச்சலை இன்று லாரியிலேற்றிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மிகவும் மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அந்தப் போகத்தில் அடையுமா என்பதை இன்றும் முடிவுசெய்வது அடிவாரத்து வியாபாரி சொல்லும் விலையே.