கடனைக் கேக்கவும் காசு வேணும்

போன வாரம் லா ஷப்பெல்ல டீ குடிச்சிட்டு இருந்தப்போ, தெரிஞ்ச யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் பேப்பர் கட்டோட வந்து உக்காந்தார். ஒரு கம்பெனிக்கு வயரிங் வேலை செஞ்சு குடுத்திருக்கார். ரெண்டு பில், மொத்தம் 2,300 யூரோ. நாலு மாசமா "அடுத்த கிழமை"ன்னே சொல்றாங்களாம். "தம்பி, நீர் படிச்ச பிள்ளை. பிரெஞ்சில ஒரு கடிதம் எழுதித் தாரும்" என்றார்.

எழுதப் போனவன் சட்டத்தைத் தோண்டி, சரித்திரத்துல போய் விழுந்தேன். அதான் இந்தப் பதிவு.

முதல்ல நம்மூரு. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக் கரையைப் பத்தி எழுதின மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைச் சொல்றார். வாங்கினவன் இழுத்தடிச்சா, குடுத்தவன் அவனைச் சுத்தித் தரையில வட்டம் போட்டுடலாம். பாக்கியைத் தீர்க்காம தாண்டினா மரண தண்டனை! ஒரு வெளிநாட்டு வியாபாரி, குதிரை மேல இருந்த ராஜாவையே இப்படி மடக்கிட்டாராம். பணம் வர்ற வரைக்கும் ராஜா நகரலை. கேக்கறவருக்குச் செலவு? ஒண்ணுமில்ல.

பாரிஸ் கதை வேற. இங்கேருந்து அரை மணி நடந்தா ரூ த கிளிஷி. 1867 வரைக்கும் அங்கே கடனாளிகளுக்குன்னே ஒரு சிறை இருந்துச்சு. உள்ள இருக்கறவரோட சாப்பாட்டுச் செலவு கடன் குடுத்தவர் தலையில! 1832 சட்டப்படி பாரிஸ்ல 30 நாளைக்கு 30 பிராங்க், அதுவும் முன்பணம். கட்டலைன்னா ஆள் வெளியே. 1867 ஜூலை 22 சட்டம் அந்தச் சிறைவாசத்தையே ஒழிச்சுது.

1937-ல வேற வழி வந்துச்சு. சின்னப் பாக்கிக்கு முழு வழக்கு நடத்தினா கட்டுப்படியாகாது. அதனால நீதிபதி பேப்பரை மட்டும் பாத்து 'பணத்தைக் கட்டு'ன்னு உத்தரவு போடலாம். வணிக நீதிமன்றத்துல இதுக்கு ஒரு கட்டணம் உண்டு. உத்தரவைக் கொண்டு சேர்க்கிற அதிகாரிக்குத் தனிக் கட்டணம். (2022 ஜூலை வரை அவர் பேரு உய்சியே, இப்போ கொமிசேர் த ஜுஸ்தீஸ்.) முதல்ல கட்டறது நாம. கம்பெனி ஒரு மாசத்துக்குள்ள ஆட்சேபிக்காம உத்தரவு நின்னுச்சுன்னா, அதையும் அவங்க கிட்டயே வசூலிக்கலாம்.

ஆனா அதுக்கு முன்னாடி அனுப்பற 'மீஸ் ஆன் தெமர்' கடிதம்? பதிவுத் தபால் ஏழெட்டு யூரோ. வக்கீலை வெச்சு எழுதினா அவர் ஃபீஸ் வேற. கோர்ட் உத்தரவு கையில இல்லாத வரைக்கும் வசூல் செலவு பொதுவா குடுத்தவரோடதுதான்னு சட்டமே சொல்லுது. கிளிஷி சாப்பாட்டுக் காசு மாதிரியேதான்!

ஒரே ஆறுதல், 2011 ஐரோப்பிய விதியால 2013 ஜனவரியிலேருந்து வந்தது: தொழில் செய்றவங்களுக்குள்ள தாமதமாகிற ஒவ்வொரு பில்லுக்கும் 40 யூரோ சேர்த்துக் கேக்கலாம். ரெண்டு பில்லுக்கு 80.

இதைச் சொன்னதும் அண்ணா முகம் சுருங்கிடுச்சு. "எண்பதை விடும் தம்பி. கோவிச்சா இனி வேலை தர மாட்டாங்கள்."

இந்தச் செலவு எந்தச் சட்டத்துலயும் இல்லை மக்களே.

"உங்க காசுண்ணா"ன்னு சொல்லி 80-ஐயும் எழுதினேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை தபால்ல போட்டோம். ரசீது அட்டை இன்னும் திரும்பி வரல.