அவிழ்த்துக் காயவைத்த மரமும் மூடி ஒட்டிய மரமும்

பழைய ஃபைபர் படகில் முதலில் சாவது உள்ளே இருக்கும் மரம். கண்ணாடி இழையும் ரெசினும் எளிதில் மக்காதவை. விறைப்புக்காக அவற்றுக்கு நடுவே வைத்து ஒட்டிய பிளைவுட்டும் சட்டங்களும்தான் இத்துப்போகின்றன. வெளிக்கூடு கல்லுப்போல இருக்க, காலடித் தட்டு மிதித்தால் அமுங்குவது இதனால்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம், மல்லிப்பட்டினம் எனக் காவிரிப் படுகை கடலைத் தொடும் கரைகளில் இதை ‘ஃபைபரின் தரக்குறைவு’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இக்கரையின் படகு வரலாற்றைப் பார்த்தால் காரணம் வேறாகத் தெரிகிறது. மரத்தைத் திறந்து காயவைப்பது படகு வைத்திருப்பதன் ஒரு பகுதியாகவே இங்கே பல நூற்றாண்டுகள் இருந்தது. ஃபைபர் வந்தபோது மரம் போகவில்லை, அந்த வழக்கம்தான் போனது.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காயவிடுவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், மிதப்புக் குறையும், சீக்கிரம் உளுக்கும். மசூலாப் படகு இன்னும் துலக்கமான சான்று. ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த அந்தப் படகுதான், இயற்கைத் துறைமுகம் அரிதான சோழமண்டலக் கரையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கும் ஆளும் ஏற்றியது. அலையில் மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கத் தையல் உதவியது என்பதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதே தையலைப் பிரித்துப் பலகையைப் பார்க்கலாம், கெட்டதை மட்டும் மாற்றலாம், திரும்பத் தைக்கலாம் என்பதற்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய அறிவாகப் படுகிறது. ஆணி அடித்துக் கட்டிய தோணிகளுக்கும் இந்த ஒழுங்கு உண்டு. கரையேற்றி, பலகை இடுக்குகளில் பழைய பஞ்சை நோண்டி எடுத்துப் புதுப் பஞ்சைத் திணித்து (கலப்பத்து அடித்து), எண்ணெயும் குங்கிலியமும் பூசினார்கள். இந்த வேலைக்கெல்லாம் பலகை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் தொடங்கிய ஃபைபர் படகு, காவிரிப் படுகைக் கரையில் பெருகியது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையில் கிடந்த கட்டுமரங்களும் வள்ளங்களும் போயின. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பங்கு ஃபைபர். அவசரத்தில் கட்டிய மட்டமான படகுகளே இன்று இத்துப்போகின்றன, நன்றாகக் கட்டியவற்றுக்கு இந்தக் கேடு இல்லை என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. ரெசினைச் சிக்கனம் பிடித்தால் கேடு சீக்கிரம் வரும், சந்தேகமில்லை. ஆனால் நன்றாகக் கட்டிய படகிலும் பின்னாளில் கொக்கிக்கும் வளையத்துக்கும் திருகாணி போடுகிறார்கள். அந்த ஓட்டை வழியே நீர் இறங்குகிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது. அதைத் தாண்டியபின், மேலும் கீழும் மூடிய மரத்துக்குக் காய வழியில்லை. ஈரம் போகாத நெல்லைக் குதிரில் கொட்டி வாயை மண்ணால் பூசினால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது. கடல்நீரைவிட நல்ல தண்ணீர் இதில் மோசம். உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் பெட்டியில் உருகும் ஐஸும் தடுக்காது.

இப்போது செய்யும் சரியான பழுதுபார்ப்பும் பழைய ஒழுங்கையே திரும்பச் செய்கிறது. மேல்தோலைக் கிரைண்டரால் அறுத்துத் திறக்க வேண்டும். இத்த மரத்தை நல்ல மரம் தட்டுப்படும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு காயவிட வேண்டும். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஈரப்பலகையில் ரெசின் பிடிக்காது, பிடித்ததுபோல் தெரிந்தாலும் பின்னால் உரியும். புதுப் பலகையின் விளிம்புக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ரெசின் ஊட்டியபின்தான் கண்ணாடி இழை மேட் விரித்து மூடலாம். மெத்தென்ற இடத்தின்மேல் இன்னொரு படலம் ஒட்டி அனுப்புவது அழுகலுக்குக் கூரை போடுவதாகும்.

பழையதைப் புகழ்கிறேன் என்று சிலர் சொல்லலாம். கட்டுமரமும் சில ஆண்டுகளில் தேய்ந்துதான் போனது, அதற்கேற்ற மென்மரமும் அருகிவிட்டது, யாரும் திரும்பப்போவதில்லை. மரமே இல்லாமல் நுரைப்பொருள் வைத்துக் கட்டலாம் என்பதும் சரிதான், ஆனால் தோல் கிழிந்தால் அதுவும் நீர் கோக்கும். என் வாதம் பொருளைப் பற்றியதன்று, திறந்து பார்க்கும் கால ஒழுங்கைப் பற்றியது. விசைப்படகுகளுக்கு அந்த ஒழுங்கு இன்றும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் மீன் வளத்துக்காக வந்தது என்றாலும், அதுவே பழுதுபார்க்கும் பருவமாகிவிட்டது. சிறு ஃபைபர் படகுகள் பொதுவாக அந்தத் தடைக்கு உட்படாததால் அவற்றுக்கு ஓய்வே வாய்ப்பதில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்து நொறுக்கியபோதும் பேச்சு புதுப் படகைப் பற்றியே இருந்தது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டமும் பழைய படகுக்குப் பதில் புதிய படகு தர உதவுகிறது. வெளிக்கூடு நன்றாக இருக்கும் படகைத் தூக்கிப்போட்டால் அந்தக் கூட்டை எரித்து முழுதாக ஒழிக்கவும் முடியாது, மண்ணில் அது மக்கவும் செய்யாது. புதுப் படகுக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கை, பழைய படகைத் திறந்து காயவைத்துத் தட்டு மாற்றும் கூலிக்கும் அரசு ஒதுக்க வேண்டும்.