திருவண்ணாமலைக்கு 108 இடம்

2001-ல் மிஷெல் வால்ட்ரிகி என்ற பிரெஞ்சுக்காரர் பி2 என்றொரு சின்ன மென்பொருளை எழுதினார். அதை சர்வரில் ஏற்றிவிட்டால் ஒவ்வொரு கட்டுரைக்கும் எச்டிஎம்எல் கோப்பைத் திறந்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எழுத வேண்டியது, பட்டனை அழுத்த வேண்டியது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அவரிடமிருந்து சத்தமே இல்லை. பி2 அப்படியே நின்றுபோனது. அதை நம்பி எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஹூஸ்டனில் இருந்த 19 வயது மாட் முல்லன்வெக், இன்னொருவர் இங்கிலாந்தின் மைக் லிட்டில். பி2-வின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் யாரும் எடுத்துத் தொடரலாம், ஆசிரியரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. இருவரும் எடுத்தார்கள். 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் வெளிவந்தது.

எழுதியவர் போனாலும் நிரல் போகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் தமிழில் நமக்கிருந்த சிக்கல் நிரல் அல்ல, எழுத்து.

தொண்ணூறுகளின் இறுதியில் தமிழ்த் தளங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தளமும் தன் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லும். இணையத்தில் கூடிய தமிழர்கள் திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி தமிழக அரசின் டாம், டாப் வந்தன. இத்தனைக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் சாதாரண ஆட்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். முகுந்தராஜின் இ-கலப்பையும் சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றியும் இல்லாவிட்டால் அந்த மாற்றம் இன்னும் பல வருடம் இழுத்திருக்கும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்.

இதையெல்லாம் நான் வரலாறாகத்தான் படித்திருந்தேன். போன வருடம் திருவண்ணாமலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு சிடியைக் கொடுத்தார். செங்கம் பக்கத்து நடுகற்களைத் தேடி சைக்கிளில் அலைந்து எழுதிய 41 கட்டுரைகள். இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொல்லியல் துறை 1972-ல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கல் இன்னும் நிற்கிறது, எது வயலோரம் துணி துவைக்கும் கல்லாகிவிட்டது என்று ஊர் ஊராகக் குறித்திருக்கிறார். ஒரு இலவசத் தளத்தில் போட்டு வைத்திருந்தாராம். அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டது.

“நெட்ல போட்டா அழியாதுன்னு சொன்னாங்கப்பா” என்றார்.

கோப்புகள் எல்லாம் பாமினியில். பாமினி எழுத்துருவில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து, மேலே தெரிவது தமிழ். எழுத்துரு இல்லையென்றால் வெறும் கிறுக்கல். மாற்றிகள் இதை நொடியில் யூனிகோடாக்கிவிடும். ஆனால் கல்வெட்டு வாசகத்தில் சிதைந்த எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் போடுவது வழக்கம். பாமினியிலோ சதுர அடைப்பின் இடம் ‘ஜ’வுக்குப் போய்விட்டது. அதனால் அடைப்பு வரும் இடத்தில் மட்டும் அவர் ஆங்கில எழுத்துருவுக்குத் தாவியிருக்கிறார். மாற்றிக்கு அது தெரியாது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்லில் வரிக்கு இரண்டு ‘ஜ’ முளைத்துவிட்டது! ஆறாம் நூற்றாண்டு வீரனுக்கு அது அடுக்காது. எது கல்லில் இருந்த எழுத்து, எது ஊகம் என்பதைச் சொல்வது அந்த அடைப்புதான். அது போனால் கட்டுரையே பொய். ஒவ்வொன்றையும் அவருடைய கைப்பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துகிறோம்.

ஹ்யூகோ மாதிரியான நிலைப்பக்கக் கருவி போதும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தரவுத்தளம் கிடையாது, பராமரிப்பும் குறைவு. ஆனால் 74 வயதுக்காரரைக் கட்டளை வரியில் உட்கார வைக்க முடியுமா? வேர்ட்பிரஸையே போட்டேன். இரண்டாவது நாளே தானாக ஒரு படத்தை ஏற்றிவிட்டு போன் செய்தார்.

அங்கே வேறு வேடிக்கை. இணைய முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒன்றுக்கு ஒன்பது. ‘திருவண்ணாமலை’யில் 12 குறியீடுகள், ஆகவே 108 இடம். வேர்ட்பிரஸ் ஒரு தலைப்பின் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200. சாருடைய தலைப்புகளோ ‘திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டத்து’ என்றுதான் ஆரம்பிக்கும். ‘செங்கம்’ வரும் முன்பே முகவரி அறுந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சுருக்கி வைக்கலாமா சார் என்று கேட்டேன்.

“ஊர் பேரை இங்கிலீஷ்ல எழுதவா இவ்வளவு வேலை பாக்கறோம்?”

முகவரியில் மாவட்டத்தை விட்டுவிட்டு கல் நிற்கும் ஊரின் பெயரை மட்டும் தமிழிலேயே வைப்பது என்று முடிவானது.

வருடா வருடம் இடத்துக்கும் பெயருக்கும் வாடகை கட்ட வேண்டும். அவர் மகளுக்கு கடவுச்சொல் கொடுத்திருக்கிறோம். மாதக் கடைசியில் தரவுத்தளத்தின் நகலையும், வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக ஒரு பிரதியையும் பென்டிரைவில் எடுத்து வைக்கிறேன். 17 கட்டுரைகள் ஏறிவிட்டன. பதினெட்டாவதில் ஒரு அடைப்பு எங்கே மூடுகிறது என்பது கைப்பிரதியிலும் தெளிவாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லையே போய்ப் பார்த்துவிடலாம் என்கிறார்.