காரமும் மனநிலையும்

மிளகாய், மிளகு போன்றவை சேர்ந்த உணவை உண்ணும்போதும் உண்டு முடித்த பின்னும் மனத்தில் நிகழும் மாற்றங்களை உளவியலும் நரம்பியலும் சேர்ந்தே ஆராய்கின்றன. காரமாகச் சாப்பிடுகிறவருக்கு நாக்கு எரிகிறது, மூக்கு ஒழுகுகிறது, நெற்றி வியர்க்கிறது. ஆனாலும் அடுத்த கவளத்துக்குக் கை போகிறது. உடல் வேண்டாம் என்று சொல்லும் ஒன்றை மனம் ஏன் கேட்கிறது என்பதே இந்த ஆய்வுகளின் அடிப்படைக் கேள்வி.

சித்த மருத்துவம் கார்ப்பை அறுசுவைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. இன்றைய உடலியலோ காரத்தைச் சுவைகளோடு சேர்ப்பதில்லை. புளிப்பும் இனிப்பும் சுவை மொட்டுகளின் வழியாக உணரப்படுகின்றன. காரம் முக்கிளை நரம்பின் வழியாகச் செல்கிறது. முகத்திலும் வாயிலும் தோன்றும் வலி, சூடு ஆகியவற்றை மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு அது. மிளகாய்க்குக் காரம் தருவது கேப்சைசின் என்னும் பொருள். அது விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்நிற உள்தசையில்தான் அது உருவாகிறது. கேப்சைசின் போய்ச் சேரும் ஏற்பியை (டிஆர்பிவி1) சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் கண்டறிந்தது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதும் இதே ஏற்பிதான். அதனால்தான் ஆறிப்போன மிளகாய்த் துவையல்கூட நாக்கைச் சுடுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸ் 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகிலுள்ள பிப்பெரினும் இதே ஏற்பியைத் தூண்டுவது; கடுகின் நெடி வேறோர் ஏற்பியைச் சேர்ந்தது.

மூளைக்குக் கிடைக்கும் செய்தி தீக்காயத்தின் செய்தி. ஆனால் காயம் எதுவும் இல்லை. வலியைத் தணிக்க உடல் எண்டார்ஃபின்களைச் சுரக்கிறது, காரம் தின்றவுடன் வரும் உற்சாகத்துக்கு அவையே காரணம் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது ஏற்கத்தக்க விளக்கம்தான்; ஆயினும் முழு விளக்கமாகாது. சுரப்புகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், எரியும் வாய் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சியைத் தர வேண்டும். அப்படித் தருவதில்லை.

இந்த இடத்தில் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினின் பணி முக்கியமானது. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் செய்த ஆய்வை அவரும் டெபோரா ஷில்லரும் 1980-ல் வெளியிட்டனர். அங்கே குழந்தைகள் மிளகாயை விரும்பிப் பிறப்பதில்லை. பெரியவர்கள் வற்புறுத்தாமலே, கூட அமர்ந்து உண்ணும் பழக்கத்தால், ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு வயதுக்குள் தாமாகக் கேட்டு உண்ணத் தொடங்குகிறார்கள். அதே வீட்டு மிச்சத்தைத் தின்று வளரும் நாய்களும் பன்றிகளும் காரமில்லாத ரொட்டியையே தேர்ந்தெடுத்தன. ஆபத்தில்லை என்று உறுதியாகத் தெரிந்த வலியை மனிதர் இன்பமாக மாற்றிக்கொள்கிறார்கள் என்பது ரோசினின் கருத்து. ராட்டினத்தில் ஏறுவதையும் அழவைக்கும் திரைப்படம் பார்ப்பதையும் அவர் இதே வகையில் சேர்த்தார். பலருக்கும் மிகப் பிடித்த காரம், தாங்க முடியாத அளவுக்குச் சற்றே கீழே இருந்தது என்பதும் அவர் கண்டது. காரத்தின் இன்பத்தை விளக்கும் கருத்துகளில் இதுவே வலுவானது எனலாம். நம் வீட்டுச் சமையலறைகளில் கழுவிய மிளகாய்த் துண்டிலிருந்து மெல்ல மெல்லக் காரம் பழகும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

வலி அடங்குவதும் ஓர் இன்பம். வற்றல் குழம்புச் சோற்றுக்குப் பின் வரும் தயிர்ச்சோறு வாயையும் மனத்தையும் சேர்த்துக் குளிர்விக்கிறது. கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது.

காரத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பைப் பழைய நூல்களும் கவனித்துள்ளன. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் உறைப்பும் எரிச்சலும் மிக்க உணவை, வேட்கையும் பரபரப்பும் மிக்க ராஜச குணத்தாருக்கு உரியதாக வகைப்படுத்துகிறது. மிளகாய் அப்போது இந்தியாவில் இல்லை. போர்த்துகீசியர் வழியாக அது வந்தது 16-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான்.

காரத்தால் மனம் கெடுவதும் உண்டு. கேப்சைசினை உணரும் ஏற்பிகள் குடல் முழுவதும் இருப்பதால், எளிதில் எரிச்சலுறும் குடல் உள்ளவர்களுக்கு ஒரு காரமான வேளை உணவு அன்றைய நாளையே சிடுசிடுப்பாக்கிவிடும். இரவு உணவில் கடுகும் மிளகாய்ச் சாறும் சேர்த்து இளைஞர் சிலருக்குக் கொடுத்துப் பார்த்த 1992-ஆம் ஆண்டு ஆய்வில், தூக்கத்தின் முதல் சுழற்சியில் உடல் வெப்பம் உயர்ந்தது, தூக்கமும் கலைந்தது. தூக்கம் குறைந்தால் மறுநாள் எரிச்சல் மிகும். காரம் தரும் உற்சாகம் சிறிது நேரமே நிற்பது; மனச்சோர்வு நோய்க்கு அதை மருந்தாகக் கருதக் கூடாது. தொடர்ந்து உண்பவரின் நரம்புகள் கேப்சைசினுக்கு மரத்துப்போவதால், முன்பு கிடைத்த அதே கிளர்ச்சிக்குக் காரத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. சில காலம் நிறுத்தினால் பழைய உணர்வு மீள்கிறது.