கடைமாணாக்கனான ஆடு

நன்னூல் மாணாக்கரை மூவகைப்படுத்தும்போது பசுவை முதல் வரிசையிலும் ஆட்டைக் கடை வரிசையிலும் நிறுத்துகிறது. பசு புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் இருந்து அசைபோடும். ஆடோ ஒரு செடியில் நிறைவு கொள்ளாது அடுத்த செடிக்குத் தாவும் என்பர் உரையாசிரியர். இருபதாண்டுகளாக வகுப்பில் இதையே சொல்லி வருகிறேன். ஆட்டுக்கு நாம் சற்று அநீதி இழைத்துவிட்டோமோ என்று என்னை எண்ண வைத்தது ஓர் இலையின் வரலாறு.

சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் நாம் அழைக்கும் மரத்தின் தாயகம் மெக்சிகோ. அங்குள்ள வஹாக்கா என்னும் ஊர்ப்பெயரே இம்மர இனத்தின் பழம்பெயரிலிருந்து வந்தது. ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்சுக்கு வந்து, பின் வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. ஆழ வேரோடி வறட்சியைத் தாங்கும். புல் கருகிய கோடையிலும் புரதம் மிகுந்த தழை தரும்.

ஆயினும் அத்தழையில் மிமோசின் என்னும் நஞ்சு உண்டு. ஆஸ்திரேலியாவில் இத்தழையைத் தின்ற செம்மறிகளின் உரோமம் உதிர்ந்ததை ஹெகார்டியும் உடனாய்வாளரும் 1964இல் பதிவு செய்தனர். ரூமன் எனப்படும் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் மிமோசினைச் சிதைத்துவிடுகின்றன. அத்துடன் சிக்கல் தீரவில்லை. சிதைவில் பிறக்கும் டிஎச்பி என்னும் பொருள் தைராய்டு சுரப்பியைத் தாக்கிக் கழலையை உண்டாக்குகிறது என்பது 1976இல் தெளிவாயிற்று.

தீவனம் ரூமனில் எவ்வளவு சிதைகிறது என்பதை அளக்க, அதைச் சிறு பையிலிட்டு ஆட்டின் இரைப்பைக்குள் தொங்கவிடுவது வழக்கம். தென்னாப்பிரிக்காவில் 1938இல் குவின் குழுவினர் மெரினோ ஆடுகளில் இதற்குப் பட்டுப்பையைப் பயன்படுத்தினர்; நைலான் பை பின்னர் வந்தது. எவ்வளவு கரைந்தது என்பதைப் பை சொல்லும். கரைந்தது என்னவாயிற்று என்பதைச் சொல்லாது. விடைத்தாள் திருத்தும் எவருக்கும் இவ்வேறுபாடு விளங்கும்.

ஹவாய்த் தீவின் ஆடுகள் இதே தழையை நலிவின்றித் தின்பதைக் கண்ட ரேமண்ட் ஜோன்ஸ், விடை மரத்தில் இல்லை, ஆட்டின் இரைப்பையில் இருக்கிறது என்று கருதினார். அவ்வாடுகளின் ரூமனிலிருந்து பெற்ற நுண்ணுயிர்கள் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்டன, டிஎச்பியும் சிதைந்தது. இவ்வெற்றியை ஜோன்ஸும் மெகாரிட்டியும் 1986இல் வெளியிட்டனர். அந்த நுண்ணுயிருக்கு 1992இல் சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயரிடப்பட்டது. முற்பகுதிக்கு உடனுழைப்பவர் என்பது பொருள். பிற்பகுதி ஜோன்ஸின் நினைவு.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. இந்நுண்ணுயிர் வேறு பல நாடுகளின் கால்நடைகளிலும் உண்டு என்றும், நஞ்சைத் தணிப்பதில் கல்லீரலுக்கும் பங்குண்டு என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆயினும் ஒன்று மாறவில்லை. ஓர் இலை உணவா நஞ்சா என்பதை இலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை உண்ணும் உயிரும், அவ்வுயிர் தன்னுள் பேணும் துணையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நூலுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

பவணந்தியாரைத் திருத்தும் தகுதி எனக்கில்லை. ஆனால் அடுத்த முறை அந்தச் சூத்திரத்தை நடத்துகையில், கடைசி வரிசை மாணவர்களைப் பார்த்து ஹவாய் ஆடுகளின் கதையையும் சொல்லப் போகிறேன்.