இரவல் கொடுக்கப்பட்ட படை

காசை இரவல் கொடுத்த அரசுகள் உண்டு. கப்பலையும் துப்பாக்கியையும் இரவல் கொடுத்த அரசுகளும் உண்டு. ஆனால், தன் கொடியின் கீழ் நின்று சாகத் துணிந்து வந்த தன் குடிமக்களையே, எமக்கு வேண்டாம் நீரே வைத்துக்கொள்ளும் என்பது போல் அயல்நாட்டுப் படைக்கு எடுத்துக் கொடுத்த அரசு எது? விடுதலையின் திருவுருவைத் துறைமுக வாயிலில் நிறுத்தி வைத்திருக்கும் அமெரிக்கா! ஆண்டு 1918.

மக்களாட்சிக்கு ஊறு நேராத உலகைப் படைக்கவே போரில் இறங்குகிறோம் என்று 1917 ஏப்ரலில் முழங்கினார் குடியரசுத் தலைவர் வில்சன். அவருடைய ஆட்சியிலேதான் வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் வெள்ளையர்க்கு ஓரிடம், கருப்பர்க்கு வேறிடம் என்று பிரித்து வைத்தார்கள். அந்த முழக்கத்தைக் கேட்டு வந்த கருப்பினத்தார் சிலரல்லர். ஏறத்தாழ 3,80,000 பேர் படையில் பணியாற்றினர். அவர்களில் சுமார் 2,00,000 பேர் கடல் கடந்து ஐரோப்பா சென்றனர். அங்கே அவர்கட்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலோர்க்கு மண்வெட்டி. மூட்டை தூக்கவும், சாலை போடவும், செத்தவரைப் புதைக்கவுமே அவர்கள் ஏவப்பட்டனர். போர்முனையைக் கண்டவர் ஐந்தில் ஒரு பங்கினர்தாம்.

அந்த ஒரு பங்கினருள் ஒரு படையின் கதையை மட்டும் இங்கே சொல்ல விழைகிறோம். நியூயார்க்கின் 15ஆம் காவற்படை என்று பெயர் பெற்று, பின்னர் 369ஆம் காலாட்படை என்று எண் பெற்ற படை அது. ஹார்லெம் பகுதியின் சுமை தூக்குவோர், சமையற்காரர், வாயிற்காவலர், இசைவாணர் ஆகியோர் சேர்ந்த படை. 'வானவில் படை' என்னும் பெரும் பிரிவு நியூயார்க்கில் விடைபெற்று ஊர்வலம் சென்றபோது, தாமும் உடன் வரலாமா என்று இவர்கள் கேட்டனர். வானவில்லில் கருப்பு நிறம் இல்லை என்று விடை வந்ததாம்! பயிற்சிக்காகத் தென்கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் நகருக்கு அனுப்பப்பட்டனர். நகரத் தலைவரே எதிர்ப்புக் குரல் எழுப்பினார். அங்கு ஒரு விடுதியில் செய்தித்தாள் வாங்க நுழைந்த கருப்பு வீரர், தொப்பியைக் கழற்றவில்லை என்பதற்காகத் தாக்கப்பட்டார். பகைவனின் குண்டு விழுமுன்பே சொந்த நாட்டானின் கை விழுந்தது.

1918 புத்தாண்டு நாளில் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் இறங்கினர். இறங்கியதும் மீண்டும் மண்வெட்டி. சான் நசேர் துறைமுகத்தில் தண்டவாளம் போடும் வேலை. அப்போது பிரான்சு ஆள் பஞ்சத்தால் தவித்துக் கொண்டிருந்தது. அமெரிக்கத் தலைமைத் தளபதி பெர்ஷிங், தம் படையைத் துண்டு துண்டாக நேச நாடுகட்குப் பிரித்துக் கொடுக்க இயலாதென்று பிடிவாதமாக இருந்தவர். அத்தகையவர் 93ஆம் பிரிவின் நான்கு கருப்பர் படைகளை மட்டும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார். அமெரிக்கச் சீருடை, பிரெஞ்சுத் தலைக்கவசம், பிரெஞ்சுத் துப்பாக்கி! இப்படி இரண்டு நாட்டுக்கும் நடுவே நின்றவர்கள் 191 நாட்கள் முன்னணி அகழிகளில் இருந்தனர்.

அந்த அகழி ஒன்றில் 1918 மே 14 நள்ளிரவு கடந்த நேரம். காவலில் இருந்தவர் இருவர்: நீதாம் இராபர்ட்ஸ் ஒருவர், ஹென்றி ஜான்சன் மற்றவர். ஜான்சன், ஆல்பனி நகர இரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டி சுமந்து பிழைத்தவர். முள்வேலியைத் துண்டிக்கும் ஓசை கேட்டது. இருபதுக்கும் மேற்பட்ட செர்மானியர் பாய்ந்தனர். இராபர்ட்ஸ் குண்டு வீச்சில் படுகாயமுற்று வீழ்ந்தார். அவரைப் பகைவர் கைதியாக இழுத்துச் செல்ல முற்பட்டபோது ஜான்சனின் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அதையே தடியாக்கி அடித்தார். அது உடைந்ததும் இடுப்புக் கத்தியை உருவினார். உடலில் 21 காயங்கள். ஆயினும் தோழரை விடவில்லை, வந்தவர்கள் ஓடினார்கள். பிரெஞ்சு அரசு இருவர்க்கும் தன் போர்ச் சிலுவையை அணிவித்தது. அவ்விருதைப் பெற்ற முதல் அமெரிக்கச் சிப்பாய்களுள் இவ்விருவரும் இருந்தனர்.

இங்கேதான் வரலாற்றின் விந்தையான தாள் ஒன்று நம் கைக்கு வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்கத் தலைமையகத்துடன் இணைந்திருந்த பிரெஞ்சுத் தூதுக்குழுவின் அதிகாரி லினார் என்பார் தம் நாட்டுப் படைத்தலைவர்கட்கு ஒரு மறைவான அறிவுரை விடுத்தார். கருப்பு அதிகாரிகளுடன் உடன் உண்ணாதீர், கை குலுக்காதீர், பணிக்கு அப்பால் பேச்சு வேண்டாம், வெள்ளை அமெரிக்கர் முன்னிலையில் கருப்பரை மிகுதியாகப் புகழாதீர், ஊர் மக்கள் அவர்களோடு நெருங்கிப் பழகாதபடி பார்த்துக்கொள்வீர். இதுவே அத்தாளின் சாரம். 'உடன் உண்ணாதே' என்னும் கட்டளை எந்த மொழியில் எழுதப்பட்டால் என்ன, அதன் பொருளை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'புகழாதே' என்பதை ஊன்றிப் பாருங்கள். இவர்கள் தோற்றுவிடுவார்களோ என்பதன்று அச்சம். வென்றுவிட்டார்களே, அந்த வெற்றியை நினைவில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவார்களே, என்பதே அச்சம்! கோழையைக் கண்டு எவரும் இப்படி அறிவுரை எழுதுவதில்லை.

பிரான்சை நீதியின் திருமகளாக்க நாம் முனையவில்லை. ஆப்பிரிக்கக் குடியேற்றங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுவந்து அகழியில் நிறுத்திய பேரரசு அது. எனினும், கருப்பு வீரன் ஒருவன் வெள்ளையர் கடையில் அமர்ந்து தேநீர் அருந்த முடியும் என்பதை ஹார்லெம் இளைஞர் கண்டது அங்கேதான். கண்ட கண் மறக்குமா?

1919 பிப்ரவரி 17. நியூயார்க்கின் ஐந்தாம் பெருந்தெருவில் 369ஆம் படை அணிவகுத்தது. ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் இசைக்குழு முழங்கிற்று. திறந்த வண்டியில் ஜான்சன் நின்று வந்தார். படை முழுமைக்கும் பிரான்சின் போர்ச் சிலுவை! அந்தக் கோடையில் நடந்தது என்ன? சிகாகோவில் ஏரியில் நீந்திய கருப்புச் சிறுவன் வெள்ளையர் பகுதிக்குள் மிதந்து வந்தான் என்பதற்காகக் கல்லெறிந்து கொல்லப்பட, மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். தெற்கே, திரும்பி வந்த வீரர்களிற் சிலர் மரத்தில் தொங்கினர். போர்க்காலத்தில் நம் குறைகளை ஒதுக்கிவைப்போம் என்று 1918இல் எழுதிப் பலரின் கண்டனத்தைப் பெற்ற அறிஞர் டுபாய்ஸ், 1919 மே மாதம் தம் 'கிரைசிஸ்' இதழில் லினாரின் மறைதாளையே அச்சிட்டு உலகறியச் செய்தார். அவர் நம்பிக்கைக்குக் கிடைத்த கூலி அந்தத் தாள்.

ஜான்சன் கதி? விடுவிப்புச் சான்றில் அவருடைய காயங்கள் குறிக்கப்படவேயில்லை. மேடையேறி, வெள்ளைப் படையினரின் நிறவெறியை வெளிப்படையாகப் பேசியபின் மேடைகள் மூடிக்கொண்டன. நாற்பதை எட்டுமுன்பே 1929இல் இறந்தார். அதற்கு நான்காண்டு முன்பு, 1925இல், அமெரிக்கப் படைக் கல்லூரி ஓர் ஆய்வறிக்கை தீட்டியது. கருப்பனின் மூளை சிறிதாம், துணிவும் இல்லையாம்! 21 காயங்களோடு ஒருவர் உயிரோடிருக்கும்போதே எழுதினார்கள் இதனை.

அந்த அறிக்கையின் மனப்போக்கோடுதான் அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குள் நுழைந்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கருப்பினத்தார், மீண்டும் தனித்தனிப் படைகளில். செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கருப்பர் இரத்தத்தை ஏற்கவே மறுத்தது. 1942இல் ஏற்றது, ஆனால் தனிச் சீட்டு ஒட்டித் தனியே வைத்தது. அவ்வழக்கம் 1950 வரை நீடித்தது. போர் முடிந்து, 1946 பிப்ரவரி 12 அன்று படையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஐசக் உட்வார்டு, சீருடையுடனேயே பேருந்தில் ஊர் திரும்பினார். வழியில் ஓட்டுநரோடு ஏற்பட்ட சிறு வாக்குவாதம் காரணமாகக் காவலரிடம் ஒப்படைக்கப்பட்டார். தடியடியில் இரு கண்களும் போயின. அடித்த காவல் தலைவரை, வெள்ளையரே நிறைந்த நடுவர் குழு அரைமணி நேரத்திற்குள் விடுதலை செய்தது. இச்செய்தி குடியரசுத் தலைவர் ட்ரூமனை உலுக்கியது. 1948 ஜூலை 26 அன்று படையில் சம நடத்தைக்கு ஆணை பிறந்தது. ஆணை ஒரு நாளில் பிறந்தது. கடைசித் தனிப்படை கலைய 1954 ஆயிற்று.

பதக்கங்கள் அதனினும் மெதுவாக நடந்தன. அமெரிக்காவின் தலைசிறந்த போர் விருது, முதல் உலகப் போருக்காக ஒரு கருப்பருக்கு முதன்முதல் கிடைத்தது 1991இல். இரவல் கொடுக்கப்பட்ட மற்றொரு படையின் வீரர், 1918இலேயே களத்தில் மாண்ட பிரெடி ஸ்டோவர்ஸ் அவர். இரண்டாம் போருக்காக எழுவர்க்கு 1997இல் வழங்கினர். அன்று உயிரோடிருந்தவர் ஒருவரே. ஜான்சனுக்கு 2015இல் வந்தது. வாங்க உறவினர் எவருமின்றி, நியூயார்க் காவற்படையின் வீரர் ஒருவர் கை நீட்டிப் பெற்றுக்கொண்டார்.

லூசியானாவில் உள்ள பெரிய படைமுகாம் ஒன்று, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி போல்க்கின் பெயரைத் தாங்கி நின்றது. 2023 ஜூனில் அப்பெயரை நீக்கி, ஜான்சன் முகாம் என்று பலகை வைத்தார்கள். 2025இல் அப்பலகையைக் கழற்றினார்கள். இப்போது மீண்டும் போல்க் முகாம். பழைய போல்க் அல்லர், அதே பெயருடைய வேறொரு தளபதி என்கிறது அரசு.