மணலில் எழுதிய விரல்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தோடு பயமும் சேர்ந்தே பிள்ளைக்குள் இறங்கியது. மணலில் விரல் தேய அகரம் எழுதினார்கள். எண்சுவடியைக் கூட்டமாக உரக்கச் சொல்லி முறை வைத்தார்கள். தவறினால் கோதண்டம்: பையன் கயிற்றைப் பிடித்துத் தொங்குவான், கீழே பிரம்பு காத்திருக்கும். தலை நரைத்த பிறகும் ஏடு காலில் பட்டால் கை பதறிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அதைக் கலைமகள் பக்தி என்பார்கள். பக்திதான், ஆனால் அந்தப் பதற்றத்தில் பழைய பிரம்புக்கும் பங்குண்டு என்பேன்.

அடியில்லாமல் கணக்கு ஏறியிருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒருவரைக் காட்டலாம். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்மூர் மணலெழுத்தை எடுத்துக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லித்தரும் முறையை வளர்த்தார். பிரம்படியை மட்டும் ஏற்கவில்லை. 1797இல் லண்டனில் தன் முறையை நூலாக்கினார். இங்கிலாந்துப் பள்ளிகளிலும் மணல் பரப்பினார்கள்.